வேரோடு பெயர்த்த எலும்பு

எலும்பு என்றதும் நம் மனத்தில் எழுவது உயிரற்ற ஒரு பொருளின் தோற்றமே. சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படுவதையும், பள்ளிக்கூட விஞ்ஞான அறையில் கண்ணாடிப் பேழைக்குள் தொங்குவதையும் கண்டு பழகிய நமக்கு, எலும்பு என்பது வெளுத்து உலர்ந்து கிடக்கும் ஒன்றாகவே தோன்றுகிறது. உண்மை அதுவன்று. உடலினுள் இருக்கும் எலும்பு ஈரமுள்ளது, செந்நிறம் கலந்தது, அறுத்தால் குருதி கசிவது. அதன் கெட்டியான சுவர்களுக்குள்ளும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அக்குழாய்கள் கொண்டு வரும் உணவால் வாழும் உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்துக்கொண்டும் புதிய எலும்பைப் படைத்துக்கொண்டும் ஓயாது உழைக்கின்றன. முறிந்த கால் தானே கூடுகிறதென்றால் அதற்குக் காரணம் இவ்வுழைப்பே. கட்டுப் போடுபவர் செய்வதெல்லாம் அசையாமல் பிடித்து வைப்பதுதான்.

ஆனால் முறிவு வேறு, இழப்பு வேறு. சீழ் வைத்து அழுகியோ, புற்று அரித்தோ, வாகனத்தின் சக்கரத்தில் நசுங்கியோ எலும்பின் ஒரு பகுதி அறவே போய்விட்டால், எஞ்சிய இரு முனைகளும் எவ்வளவு காலம் காத்திருந்தாலும் ஒன்றையொன்று எட்டுவதில்லை. அந்நிலையில் மருத்துவர் முன் இரண்டே வழிகள்தாம் நெடுங்காலம் இருந்தன. ஒன்று, கை காலை வெட்டி எடுப்பது. மற்றொன்று, இடைவெளியில் வேறோர் எலும்பை வைத்துப் பார்ப்பது. இவ்விரண்டாம் வழி எப்படிப் பிறந்தது, எங்கே தடுக்கி நின்றது, அத்தடையை எது தகர்த்தது என்பதே நாம் இங்குச் சொல்லப் புகுந்த வரலாறு.

ஐரோப்பிய நூல்களில் எலும்பு ஒட்டு பற்றிய முதற் குறிப்பாக எடுத்துக் காட்டப்படுவது, ஆம்ஸ்டர்டாம் நகரத்து அறுவை மருத்துவர் யோப் வான் மீக்கெரன் எழுதி, அவர் இறந்தபின் 1668ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் உள்ளது. ருஷ்யாவில் ஒரு பிரபுவின் தலையில் வாள் வெட்டு விழுந்து மண்டையோட்டின் ஒரு துண்டு போயிற்றாம். அவ்விடத்தில் நாயின் மண்டையோட்டுத் துண்டு ஒன்றை வைத்து மருத்துவர் குணப்படுத்தினாராம். செய்தி கேட்ட தேவாலயம் அம்மனிதரைச் சமயத்தை விட்டே விலக்கி வைக்க, மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுவதற்காக அந்த எலும்பை எடுத்துவிடும்படி அவர் கேட்டாராம். மீக்கெரன் இதை நேரில் கண்டவரல்லர். பிறர் சொல்லக் கேட்டு எழுதியவர். ஆகையால் இதை வரலாறு என்பதைவிட வரலாற்றின் வாசலில் நிற்கும் கதை என்றே நாம் கொள்ள வேண்டும்.

இந்தக் கதையில் எழுந்த கேள்வி நம்மவர்க்குப் புதிதன்று. மீக்கெரனுக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன், ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஷாஃபிஈ மத்ஹபினர் போற்றும் 'மின்ஹாஜ்' என்னும் ஃபிக்ஹு நூலில், தொழுகையின் நிபந்தனைகளைக் கூறும் பகுதியிலேயே இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். தூய பொருள் கிட்டாத நெருக்கடியில் நஜீஸான ஒன்றால் எலும்பைப் பொருத்திக்கொண்டவர்க்கு அங்கே விலக்கு உண்டு. நெருக்கடியின்றிச் செய்தவர்கூட, எடுப்பதால் உடலுக்குப் பெருங்கேடு வருமானால் எடுக்குமாறு வற்புறுத்தப்படுவதில்லை. சட்ட நூலொன்று இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறதென்றால், அந்நாளில் அத்தகைய மருத்துவம் நடந்திருக்க வேண்டும்; அல்லது நடக்கக் கூடியதென்றாவது மக்கள் எண்ணியிருக்க வேண்டும். குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்தில் எழுதிய 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பாகத்தில் முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் தனிப் பகுதியே வகுத்ததையும், விழுந்த பல்லுக்கு மாட்டெலும்பில் செதுக்கிய பல்லை வைக்கலாமென்று கூறியதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். நாம் இனிச் சொல்லப் போவதோ நோயாளியின் சொந்த எலும்பைப் பற்றியது. அங்கே இக்கேள்விகளுக்கே இடமில்லை.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் லியோன் நகரில் லெயோபோல்ட் ஒலியே என்னும் மருத்துவர், எலும்பு எங்கிருந்து வளர்கிறது என்பதை முயல் முதலிய விலங்குகளில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1867இல் ஒரு பெரு நூல் வெளியிட்டார். எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையே எலும்பைப் படைக்கிறது என்பது அவர் முடிபு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மாக்கீவன் இதற்கு நேர் மாறாக, எலும்பே எலும்பைப் படைக்கிறது, உறை வெறும் உறைதான் என்றார். இவர் சொல்லோடு நின்றவரல்லர். சீழ் நோயால் மேற்கை எலும்பின் தண்டு முழுவதையும் இழந்து, கை துணியைப் போலத் தொங்கிய ஒரு சிறுவனுக்கு, வேறு குழந்தைகளின் வளைந்த கால்களை நிமிர்த்தும்போது வெட்டி எடுத்த எலும்புத் துண்டுகளைப் படிப்படியாக வைத்துக் கட்டினார். அத்துண்டுகள் வேண்டாமென்று எறியப்பட வேண்டியவை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சிறுவனின் கை வேலை செய்யும் கையாயிற்று. 1881இல் இலண்டன் ராயல் சங்கத்தில் இச்செய்தி வெளியானது.

வெற்றி கிடைத்தது, ஆனால் அதன் காரணம் விளங்கவில்லை. 1893இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரிலிருந்து ஆர்தர் பார்த் என்பவர் வெளியிட்ட முடிபு அனைவரையும் திடுக்கிட வைத்தது. ஒட்டிய எலும்பை மீண்டும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த அவர், அதிலுள்ள உயிரணுக்கள் அநேகமாக எல்லாமே மடிந்து போயிருப்பதைக் கண்டார். அதாவது, பொருத்திய எலும்பு பிழைப்பதில்லை, சாகிறது! அப்படியானால் கை எப்படிக் கூடியது? செத்த எலும்பினுள் அக்கம்பக்கத்து உயிருள்ள எலும்பிலிருந்து இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லப் புகுந்து, பழையதைக் கரைத்துவிட்டு அவ்விடத்திலேயே புதியதைப் படைக்கின்றன. சிகாகோவின் டாக்டர் ஃபெமிஸ்டர் 1914இல் இதற்கு 'ஊர்ந்து சென்று இடம் பிடித்தல்' என்று பொருள்படும் பெயரிட்டார். நம் வழக்கில் சொன்னால், ஒட்டிய எலும்பு ஒரு பந்தற்கால். அது வளர்வதில்லை, அதைப் பற்றிக்கொண்டு கொடி வளர்கிறது.

பந்தற்கால் குட்டையாக இருந்தால் கவலையில்லை, கொடி ஏறிவிடும். நீண்டதாக இருந்தால்? கொடி உச்சியை எட்டுமுன் கால் உளுத்து முறிந்துவிடும். எலும்பிலும் இதுவே நிகழ்ந்தது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளிகள் நன்கு நிரம்பின. அமெரிக்காவின் ஃபிரெட் ஆல்பீ 1911இல் கால் எலும்பிலிருந்து எடுத்த கீற்றைக் கொண்டு காசநோய் தின்ற முதுகெலும்பை நிறுத்தியது போன்ற அருஞ்செயல்களும் நடந்தன. ஆறு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியிலோ ஒட்டு பல வேளைகளில் கரைந்தது, அல்லது ஆண்டுக்கணக்கில் கூடாமல் கிடந்து முறிந்தது. கிருமி பட்ட இடத்தில் நிலைமை இன்னும் மோசம். செத்த எலும்பைப் பாதுகாக்க அதனுள் இரத்தம் ஏது? கிருமிகளுக்கு அது வாடகையில்லாத வீடு.

இதைப் படிக்கும் நம்மில் பலர்க்கு மா ஒட்டும் தோட்டக்காரரின் வேலை தெரிந்திருக்கும். நல்ல மாவின் கிளையை வெட்டிக்கொண்டு வந்து கன்றின்மேல் வைத்துக் கட்டுவது ஒரு முறை. அதைவிட நம்பகமானது நெருக்கு ஒட்டு. கன்றைத் தொட்டியோடு தாய்மரத்தின் அருகே கொண்டுபோய், கிளையைத் தாயிலிருந்து அறுக்காமலே இரண்டின் பட்டையையும் சீவி ஒன்றாக வைத்துக் கட்டுகிறார்கள். இரண்டும் கூடும்வரை தாய்மரம் பாலூட்டுகிறது; கூடியபின்னரே அறுப்பு.

சான் பிரான்சிஸ்கோவில் தாமஸ் ஹண்டிங்டன் என்னும் மருத்துவர் செய்து 1905இல் எழுதியது ஏறக்குறைய இதுவே. முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்புகள் உண்டு. உட்புறம் இருக்கும் பருத்த எலும்பு டிபியா. உடலின் எடையில் பெரும் பங்கைத் தாங்குவது அது. வெளிப்புறம் மெலிந்து நீண்டிருப்பது பிபுலா. எடையில் ஆறில் ஒரு பங்கு போலத்தான் அதன் சுமை. சீழ் நோயால் டிபியாவின் பெரும்பகுதியை இழந்த ஒரு சிறுவனுக்கு, ஹண்டிங்டன் அதே காலின் பிபுலாவை அறுத்து, அதைச் சூழ்ந்த தசைகளையும் அவற்றின் வழியே வரும் குருதியையும் குலைக்காமல், அப்படியே உள்நோக்கி நகர்த்தி டிபியாவின் மேல்முனையில் பொருத்தினார். பின்னர் கீழ்முனையையும் அவ்வாறே செய்தார். சிறுவன் நடந்தான். அதைவிட வியப்பு, அந்த மெல்லிய பிபுலா எடை ஏறஏறப் பருத்து டிபியாவின் கனத்தை நெருங்கியது. செத்த எலும்பு இப்படிப் பருப்பதில்லை. குருதியோடு வந்த எலும்பு வேறு, குருதியற்று வந்த எலும்பு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் நெருக்கு ஒட்டுக்கு ஒரு வரம்புண்டு. தாய்மரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு காலின் பிபுலாவை அதே காலுக்கு நகர்த்தலாம். மறுகாலுக்கோ கைக்கோ கொண்டுபோக வேண்டுமானால், வேரோடும் வேரடி மண்ணோடும் பெயர்த்து நட வேண்டும். எலும்பின் வேர் அதன் இரத்தக் குழாய். அக்குழாயை அறுத்துப் புதிய இடத்துக் குழாயோடு தைக்க முடிந்தாலன்றி இது நடவாது.

தைக்க முடியும் என்று காட்டியவரும் லியோன் நகரத்தவரே. 1894ஆம் ஆண்டு அந்நகருக்கு வந்த பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டு, ஈரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அறுபட்டு மாண்டார். அறுந்த குழாயைத் தைக்க அன்றைய மருத்துவத்தில் வழியில்லை. அதைக் கண்டு உள்ளம் கொதித்த இளம் மாணவர் அலெக்சிஸ் கரேல், ஊரிலிருந்த பூத்தையல்காரப் பெண்மணி ஒருவரிடம் மெல்லிய ஊசியும் பட்டுநூலும் கையாளக் கற்றார். குழாயின் வட்ட வாயை மூன்று இடங்களில் நூலால் இழுத்து முக்கோணமாக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோடாகத் தைப்பது அவர் கண்ட உத்தி. 1902இல் அதை வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு வந்தது. எலும்பை அறிந்த ஒலியேயும் குழாயை அறிந்த கரேலும் ஒரே ஊரின் மருத்துவ மரபில் வந்தவர்கள். ஆயினும் இருவர் கலையும் ஒரு நோயாளியின் உடலில் சந்திக்க மேலும் எழுபதாண்டுகள் பிடித்தன. துணிவு போதாமையால் அன்று இத்தாமதம். ஊசி போதாமையால் என்பதே நம் கருத்து.

கரேல் தைத்தவை பெருங்குழாய்கள். பிபுலாவுக்கு உணவூட்டும் தமனியின் அகலமோ இரண்டு மில்லிமீட்டர் போலத்தான். அவ்வளவு சிறிய குழாயில் ஒரு தையல் கோணினால் இரத்தம் உறைந்து அடைத்துவிடும். கண்ணால் பார்த்துத் தைப்பது இயலாத காரியம். ஸ்டாக்ஹோமில் நைலன் என்பவர் 1921லேயே காது அறுவைக்கு நுண்ணோக்கியைக் கொண்டுவந்திருந்தார். ஆனால் 1960இல்தான் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜேக்கப்சனும் சுவாரெஸும் நுண்ணோக்கியின் கீழ் மிகச் சிறிய குழாய்களைத் தைத்து, அவை அடையாமல் ஓடுவதைக் காட்டினர். கலிபோர்னியாவில் ஹாரி பங்க் என்பவர் தம் வீட்டுக் கார் நிறுத்தும் அறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, முயலின் அறுபட்ட காதை மீண்டும் வாழ வைக்கப் பாடுபட்டார். தேவைக்கேற்ற ஊசி எங்கும் கிடைக்காததால் அதையும் தாமே உருவாக்க வேண்டியிருந்தது. மயிரிழையைவிட மெல்லிய நைலான் நூலும், அந்நூலின் நுனியிலேயே பொருந்திய ஊசியும் இவ்வாறு வந்தவையே.

அதன்பின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1963இல் ஷாங்காயில் சென் சுங்வேயும் துணைவர்களும் ஒரு தொழிலாளியின் துண்டான கையை மீண்டும் பொருத்தினர். 1965இல் ஜப்பானின் நாராவில் கொமாட்சு, தமாய் இருவரும் துண்டான கட்டைவிரலைப் பொருத்தினர். துண்டானதைப் பொருத்தலாமென்றால், வேண்டுமென்றே துண்டாக்கி வேறிடத்தில் ஏன் பொருத்தக் கூடாது? ஆஸ்ட்ரப், ஃபிரெட்ரிக்சன் என்ற இருவர் நாயின் விலா எலும்பை அதன் குழாய்களோடு எடுத்துத் தாடையில் வைத்துத் தைத்து, அது சாகாமல் உயிர் வாழ்வதை 1974இல் வெளியிட்டனர். பார்த் 1893இல் எழுதிய மரணச் செய்திக்கு எண்பத்தோராண்டுகள் கழித்து வந்த மறுப்பு இது.

அதே 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டாக்டர் இயன் டெய்லரும் துணைவர்களும், விபத்தில் டிபியாவின் பெரும்பகுதியை இழந்த ஒருவருக்கு மறுகாலின் பிபுலாவை அதன் தமனி சிரைகளோடு எடுத்துவந்து வைத்தனர். இவ்வகை நோயாளிகள் இருவரைப் பற்றிய அறிக்கை 1975இல் வெளியாயிற்று. எலும்பு அறுவை நூல்கள் இதைத் தொடக்கமாகக் கொள்கின்றன. ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானில் உவேபா, ஃபுஜிகாவா என்ற மருத்துவர்களும், பிறவியிலேயே முன்கை எலும்பு கூடாதிருந்த ஒரு நோயாளிக்கு இதே அறுவையைச் செய்திருந்தனர். அவர்கள் உடனே எழுதவில்லை. ஒன்பதாண்டுகள் நோயாளியைப் பார்த்திருந்து, 1983இல், அதுவும் ஜப்பானிய மொழி இதழில் வெளியிட்டனர். முதன்மை யாருக்கு என்ற வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆயினும், ஒட்டு நிலைத்ததா என்று ஒன்பதாண்டுகள் பார்த்துவிட்டுப் பேசியவர்களின் பொறுமையை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

இனி அறுவை எவ்வாறு நடைபெறுகிறதெனப் பார்ப்போம். இரண்டு குழுக்கள் வேலை செய்கின்றன. ஒன்று நோயுற்ற இடத்தைத் திறந்து, செத்ததும் அழுகியதுமான எல்லாவற்றையும் களைந்து, குருதி கசியும் நல்ல எலும்பு தெரியும்வரை சீர்செய்கிறது. மற்றொன்று நல்ல காலின் வெளிப்புறத்தில் நீளக் கீறி பிபுலாவை அணுகுகிறது. பாரிஸின் அலேன் கில்பெர்ட் 1979இல் வகுத்த இப்பக்கவழி வந்தபின் வேலை எளிதாயிற்று. முழங்காலின் அருகே ஒரு பகுதியையும் கணுக்காலுக்கு மேலே ஆறு முதல் எட்டு சென்டிமீட்டரையும் விட்டுவிட வேண்டும். கணுக்கால் மூட்டின் வெளிச்சுவர் பிபுலாவே ஆதலால் அதை முழுதும் எடுத்தால் பாதம் சாயும். இடைப்பட்ட பகுதியில் வயது வந்தவர்க்கு இருபத்தைந்து சென்டிமீட்டர்வரை எடுக்கலாம். எலும்பைச் சுற்றி மெல்லிய தசைப் போர்வையை விட்டு வைக்கிறார்கள். எலும்புக்கு வரும் குருதியில் ஒரு பங்கு அதன் வழியே வருகிறது.

எலும்பின் இரு முனைகளும் அறுக்கப்பட்ட பின்னும் அது தன் குழாய்க் காம்பினால் பழைய இடத்தோடு தொங்கிக்கொண்டிருக்கும். முனையில் செங்குருதி துளிர்த்தால் எலும்பு உயிரோடிருக்கிறது என்று பொருள். மறுபக்கம் ஆயத்தமான பின்னரே காம்பை அறுக்கிறார்கள். அக்கணத்திலிருந்து அந்த எலும்புக்கு உணவில்லை. புதிய இடத்தில் முனைகளைச் செருகித் தகட்டாலும் திருகாணியாலும் நிலைநிறுத்தியபின், நுண்ணோக்கியை இழுத்து வைத்துத் தமனியோடு தமனியும் சிரையோடு சிரையும் தைக்கப்படுகின்றன. இரண்டு மில்லிமீட்டர்க் குழாயின் சுற்றளவில் எட்டுப் பத்துத் தையல்கள். இடுக்கிகளை விடுவித்ததும் குழாய் துடிக்க வேண்டும். எலும்பைப் போர்த்திய வெளிறிய தசை சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் தையலைப் பிரித்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். பல மணி நேரம் நீளும் இவ்வேலையில் மருத்துவரின் கை நடுங்கக் கூடாதென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே புதைந்த எலும்பு உயிரோடிருக்கிறதா என்பதை வெளியிலிருந்து எப்படி அறிவது? எலும்போடு அதே குழாயிலிருந்து உணவு பெறும் ஒரு சிறு தோல் துண்டையும் சேர்த்தெடுத்து வெளியே தெரியும்படி வைப்பது ஓர் உபாயம். 1983இல் சீன மருத்துவர்கள் இதை விளக்கமாக எழுதினர். தோல் சிவந்திருந்தால் உள்ளே நலம், கருத்தால் ஆபத்து. நோயாளியின் தாயார்கூடப் பார்த்துச் சொல்லிவிடக் கூடிய அடையாளம் இது.

இவ்வாறு வைத்த எலும்பு ஊர்ந்து இடம் பிடிப்பதற்காகக் காத்திருப்பதில்லை. அதைப் பொறுத்தவரை இது மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு முறிவுகள், அவ்வளவே. சாதாரண முறிவு கூடுவது போலவே இரண்டும் கூடுகின்றன. கிருமி இருந்த இடத்திலும், புற்றுக்குக் கதிர் பாய்ச்சி வறண்ட இடத்திலும் தனக்குரிய குருதியைத் தானே கொண்டு வருவதால் தாக்குப் பிடிக்கிறது. நோயாளி விழுங்கும் மருந்தும் அக்குருதி வழியே அங்கே போய்ச் சேருகிறது.

இதனால் மிகுதியும் பயனடைந்தவர்கள் குழந்தைகளே என்று சொல்லத் தோன்றுகிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலோ பிறந்து சில காலத்திலோ டிபியா வில்லாக வளைந்து, முறிந்து, பின் கூடவே கூடாது. எத்தனை முறை கட்டினாலும் கம்பி வைத்தாலும் மீண்டும் மீண்டும் முறியும். பத்து வயதுக்குள் நான்கைந்து அறுவைகளைக் கண்டு, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த குழந்தைகள் அந்நாளில் பலர். பெற்றோர் முன் வைக்கப்பட்ட கேள்வி கொடியது: காலை எடுத்துவிட்டுச் செயற்கைக் காலோடு ஓடி விளையாட விடுவதா, காலை வைத்துக்கொண்டு பிள்ளைப் பருவம் முழுவதையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிக்க விடுவதா? நோயுற்ற பகுதியைத் தாராளமாக வெட்டியெறிந்துவிட்டு, மறுகாலின் உயிருள்ள பிபுலாவை வைக்கலாம் என்றானதும், இக்கேள்விக்கு மூன்றாவது விடை ஒன்று கிடைத்தது.

விலையில்லாத விடை என்று நாம் சொல்ல மாட்டோம். நல்ல காலில் கத்தி வைக்க வேண்டியிருக்கிறது. எடுத்த காலின் பெருவிரலை மடக்கும் வலு குறையக்கூடும். குழந்தையாயின் கணுக்கால் நாளடைவில் வெளிப்புறமாகச் சாய்வதுண்டு. அதைத் தடுக்க எஞ்சிய பிபுலாவைத் திருகாணியால் டிபியாவோடு பிணைத்து விடுகிறார்கள். சிலருக்குப் பாதத்தின் குருதியே பெரும்பாலும் இந்தத் தமனி வழியாகத்தான் போகும். அவர்களிடம் அதை எடுத்தால் பாதமே போய்விடும். ஆகவே முன்கூட்டியே குழாய்களைப் படமெடுத்துப் பார்ப்பது அவசியம். வைத்த எலும்பும் தொடக்கத்தில் மெலிந்ததே. நன்கு கூடிவிட்டதென்று மகிழ்ந்து காலூன்றிய முதலாண்டிலேயே அது முறிவதுண்டு. விந்தை என்னவென்றால், அம்முறிவு கூடும்போதுதான் பல வேளைகளில் எலும்பு பருக்கிறது.

இன்னொரு பயன் இடுப்பில். தொடையெலும்பின் தலைக்கு வரும் குருதி நின்று, அத்தலை உள்ளுக்குள்ளேயே செத்து நொறுங்கும் நோய் முப்பது நாற்பது வயதினரையும் பிடிக்கிறது. ஸ்டீராய்டு மருந்துகளை நீண்ட நாள் உட்கொள்வது அதன் காரணங்களுள் ஒன்று. தரையில் அமர்ந்து உண்பதும், தொழுகையில் ஸுஜூதிலிருந்து இருப்புக்கு வருவதும் இத்தகையோர்க்குப் பெரும்பாடு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் அர்பானியாக் 1979 முதல், தொடையெலும்பின் கழுத்து வழியே துளையிட்டுச் செத்த பகுதியைச் சுரண்டியெடுத்து, அங்கே குழாய்களோடு கூடிய பிபுலாவைச் செலுத்தித் தலையைத் தாங்க வைத்தார். 103 இடுப்புகளில் கிடைத்த பலனை 1995இல் எழுதினார். செயற்கை இடுப்பு மூட்டுகள் நீண்டு உழைக்கத் தொடங்கியபின் இவ்வழியை நாடுவோர் குறைந்தனர். நம் நாட்டில் கல்கத்தாவின் டாக்டர் பக்ஸி, கூடாத தொடைக்கழுத்து முறிவுகளுக்கு நுண்ணோக்கியே வேண்டாத வேறொரு வழியைக் கையாண்டு 1986இல் பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டார். தசையோடு ஒட்டிய எலும்புத் துண்டை, தசையை அறுக்காமலே திருப்பி முறிவின்மேல் வைப்பது அது. நம் நெருக்கு ஒட்டின் இனம். பெருஞ்செலவும் பல குழுக்களும் இல்லாத ஊர்களுக்கு ஏற்றது இதுவே என்பது நம் எண்ணம்.

எலும்பு மருத்துவத்தின் எல்லையைத் தாண்டியும் பிபுலா சென்றிருக்கிறது. நியூயார்க்கின் ஹிடால்கோ 1989இல் அதைப் பல துண்டுகளாக மடித்து, குழாய் அறாமல், புற்றால் போன தாடையை வனைந்து காட்டினார். புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று மலிந்த நம் நாட்டில் இதன் தேவை எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை போன்ற இடங்களில் நுண்குழாய்த் தையல் உலகறிந்த திறனோடு நடைபெறுவது தமிழகம் பெற்ற பேறு.

இம்முறைக்குப் போட்டியும் உண்டு. சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரீல் இலிசாரோவ் 1950களில் உருவாக்கிய வளையச் சட்டம், எலும்பை ஓரிடத்தில் அறுத்து நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டராக நகர்த்தி, பின்னால் புதிய எலும்பை முளைக்க வைக்கிறது. மேற்குலகம் அறியாதிருந்த அந்த ஊருக்குப் போய் 1980இல் தம் பழைய முறிவைக் குணப்படுத்திக்கொண்டு வந்த இத்தாலிய மலையேறி கார்லோ மௌரியின் வாயிலாகவே அது ஐரோப்பாவில் பரவியது. பிரான்சின் மாஸ்கலே கண்ட முறையோ, இடைவெளியில் முதலில் சிமெண்டை வைத்து, அதைச் சுற்றி உடலே ஒரு சவ்வை வளர்த்தபின், சிமெண்டை எடுத்துவிட்டுச் சாதாரண எலும்புத் தூளை நிரப்புவது. இரண்டுக்கும் நுண்ணோக்கி வேண்டாம், பொறுமை வேண்டும். சிறு இடைவெளிக்கு உயிருள்ள ஒட்டு தேவையே இல்லை; பந்தற்கால் போதும். எனவே, நீண்ட இடைவெளி, கெட்டுப்போன சுற்றுப்புறம், கூட மறுக்கும் பிறவி எலும்பு ஆகியவற்றுக்கே இவ்வறுவையை ஒதுக்கி வைப்பது முறை. வாகன விபத்தில் காலிழக்கும் நிலைக்கு வந்தவரின் குடும்பத்தார், வெட்டி எடுக்கக் கையெழுத்திடுமுன் இவ்வழிகளில் எதற்கேனும் இடமுண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் தவறில்லை. சில வேளைகளில் இல்லை என்பதே நேர்மையான விடையாக இருக்கும்.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து வந்த இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். எலும்புப் புற்றுக்காகத் தொடை எலும்பின் நடுப்பகுதி முழுவதையும் எடுக்க நேர்ந்தால், இறந்தவர் தந்த பருத்த எலும்பை வைத்தால் உறுதி உண்டு, உயிரில்லை. மெல்லிய பிபுலாவை வைத்தால் உயிருண்டு, உறுதியில்லை. ரொடோல்ஃபோ கப்பன்னா 1990களில் இரண்டையும் ஒன்றாக்கினார். வெளியே உயிரற்ற எலும்பு. அதன் குழல் நடுவே, குழாய்களோடு கூடிய உயிருள்ள பிபுலா. நாளடைவில் உள்ளிருப்பது வெளியிருப்பதைத் தன்வயப்படுத்திக்கொள்கிறது.

அதே நகரின் மார்க்கோ இன்னோசென்டி குழந்தைகளிடம் இன்னும் ஒரு படி சென்றார். புற்றினால் மணிக்கட்டை ஒட்டிய முன்கை எலும்பை இழந்த குழந்தைக்குப் பிபுலாவின் மேல்முனையை, அதிலுள்ள வளர்ச்சித் தட்டோடும் அதற்கு உணவூட்டும் தமனியோடும் எடுத்து வைத்தார். கால் எலும்பாகப் பிறந்த அது கைக்கு வந்து, மறுகையின் எலும்போடு சேர்ந்து ஆண்டுதோறும் நீள்வதை எக்ஸ்ரே படங்கள் காட்டின.